இல்லாத மண்டபத்தின் சாவி

அம்புரோசின் ஃபோனில் கல்யாண மண்டபம் இருந்தது. அவர் மகள் ஆன்சியின் ஃபோனில் அது இல்லை. இரண்டு ஃபோனும் ராயபுரத்தில் ஒரே வீட்டில், ஒரே மேசையில், ஊறுகாய் பாட்டிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் கிடந்தன. இரண்டிலும் தட்டியது ஒரே வலைத்தளத்தின் பெயரைத்தான்.

வடகரைத் தொழிலாளர் சமூகக்கூட வாரியம் என்று ஒன்று இருக்கிறது. துறைமுகத்திலும் ஆலைகளிலும் உழைத்து முதுகு வளைந்தவர்களின் வீட்டுக் கல்யாணம் காட்சிக்கு மண்டபம் கொடுப்பது அதன் வேலை. கொடுக்காமல் இருப்பது எப்படி என்பதில் அதற்கு நல்ல அனுபவம் உண்டு. துறைமுகத்தில் காலமெல்லாம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற அம்புரோஸ், திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில் உள்ள வாரிய மண்டபத்துக்கு நேரில் போய், மதில் சுவரில் நீலப் பெயிண்டில் எழுதியிருந்த வலைத்தள முகவரியை எழுத்தெழுத்தாகப் பார்த்துத் தட்டினார். "முன்பதிவு உறுதி. வாழ்த்துகள்" என்று வந்தது. அன்றைக்கே அவர் அதைத் தெருவில் உள்ள அத்தனை பேருக்கும் காட்டிவிட்டார். மீன் வாங்கப் போன இடத்தில்கூடக் காட்டினார்.

மேடை எவ்வளவு அகலம் என்று பார்க்கத்தான் ஆன்சி தன் ஃபோனில் அதைத் திறந்தாள். முதலில் ஒரு சிவப்புத் திரை வந்தது. இந்தத் தளத்தை நம்ப வேண்டாம் என்று ஃபோன் கெஞ்சிக் கேட்டுக்கொண்டது. பரவாயில்லை, போகிறேன் என்று அழுத்தினாள். உள்ளே வேறு ஒரு பக்கம் திறந்தது. வாரியத்தின் சின்னம், அதன் மேலே பெரிய தங்கப் பூட்டுப் படம், அதற்குக் கீழே: "திருவொற்றியூர் - இப்படி ஒரு கூடம் வாரியத்துக்கு இல்லை."

ஆன்சி பொறுமையாக விளக்கினாள். ஒரு தளத்துக்குப் போக இரண்டு வழி உண்டாம். ஒன்று திறந்த வழி, நாம் அனுப்புவதை நடுவில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். இன்னொன்று பூட்டிய வழி, படிக்க முடியாது. ஒழுங்கான ஊரில் எந்த வழியில் போனாலும் ஒரே கடைக்குத்தான் போய்ச் சேருவோம், திறந்த வழியில் வந்தவனையும் பிடித்துப் பூட்டிய வழியில் தள்ளிவிடுவார்கள். இவர்கள் பழைய கடையை அப்படியே விட்டுவிட்டுப் பூட்டிய வழியில் புதுக் கடை ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். மதில் சுவரில் இருந்தது பழைய முகவரி, அப்பா அதை அப்படியே தட்டியதால் பழைய கடைக்குப் போனார்; ஆன்சியின் புது ஃபோன் கேட்காமலே பூட்டிய வழியில் போய்விட்டது.

அம்புரோசின் மனைவி ஃப்ளோரா மீன் குழம்பை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். "வழி கிழி எல்லாம் வோணாம். மண்டபம் கீதா இல்லியா? அத்த மட்டும் சொல்லு."

அதைத்தான் யாராலும் சொல்ல முடியவில்லை. கல்யாணமோ சாம்பல் புதனுக்கு முந்தின திங்கட்கிழமை. புதனன்று கோயிலில் நெற்றியில் சாம்பல் பூசிவிட்டால் தவக்காலம், அப்புறம் ஈஸ்டர் முடிகிற வரைக்கும் கோயிலில் கல்யாணம் கிடையாது. மாப்பிள்ளை ஜெரி சரக்குக் கப்பலில் வேலை பார்ப்பவன், ஈஸ்டருக்கு அவன் எந்தக் கடலில் இருப்பானோ அந்தக் கடலுக்கே தெரியாது. இந்தத் திங்கட்கிழமையை விட்டால் அடுத்த வருஷம்தான். எல்லாரும் அதே தேதிக்கு முண்டியடித்ததில் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஒரு மண்டபமும் மிச்சமில்லை. கோயிலில் கல்யாண ஓலை இரண்டு வாசித்தாயிற்று.

மறுநாள் காலையில் வாரிய அலுவலகத்துக்குப் போனார். வாரிய அலுவலகம் இருப்பது திருவொற்றியூர் மண்டபத்தின் மாடியில். கீழே கல்யாணக் கூடம், சாப்பாட்டுக் கூடம், மேலே அதிகாரிகள். மண்டபம் இருக்கிறதா என்ற சந்தேகம் அம்புரோசுக்கு அதன் மாடிப்படி ஏறும்போதே தீர்ந்துவிட்டது. கைப்பிடியை ஒரு தடவை தட்டியும் பார்த்துக்கொண்டார். கெட்டியாகத்தான் இருந்தது.

உள்ளே நுழைந்ததும் கடைநிலை ஊழியர் தங்கப்பாண்டி அவருக்குத் தீபாவளி வாழ்த்து சொன்னார். அது பிப்ரவரி மாதம். விசாரித்ததில் விஷயம் புரிந்தது. பூட்டிய தளத்துக்கு ஒரு சான்றிதழ் வேண்டுமாம். அது தீபாவளிக்கு மறுநாளோடு காலாவதியாகிவிட்டது. புதுப்பிக்க வேண்டிய கம்பெனிக்காரன் ஃபோனை எடுப்பதில்லை. அன்று முதல் அலுவலகக் கம்ப்யூட்டரில் சிவப்புத் திரை. யாரோ ஒரு புத்திசாலி கம்ப்யூட்டரின் தேதியைப் பின்னால் தள்ளித் தீபாவளியில் நிறுத்தினான், திரை பச்சையாகிவிட்டது. அப்புறம் வருகைப் பதிவேடு கம்ப்யூட்டரோடு ஒத்துப்போக வேண்டாமா என்று கேள்வி வந்து, அதையும் தீபாவளியிலேயே நிறுத்தினார்கள். சுவர்க் காலண்டரைக் கிழிப்பதையும் நிறுத்திவிட்டார்கள். மூன்று மாதமாக இந்த அலுவலகத்தில் தீபாவளி முடியவே இல்லை. விடுமுறை நாளில் வேலைக்கு வருகிறோம் என்று எல்லாரும் கூடுதல் படி கேட்டு எழுதியிருக்கிறார்கள்.

கண்காணிப்பாளர் தேவப்பிரியம் அம்மாள் அம்புரோசின் ஃபோனை வாங்கிப் பார்த்தார். சாக்கடையில் விழுந்த பொருளைத் தூக்குவது போல இரண்டு விரலால் பிடித்திருந்தார். "இதில் பூட்டு இல்லையே" என்றார்.

அம்புரோஸ், மண்டபம் உறுதி என்று இருக்கிறதே என்றார். உறுதி இருக்கலாம், பூட்டு இல்லை என்றார் தேவப்பிரியம். பழைய தளம் தப்பென்றால் ஏன் மூடவில்லை என்று கேட்டதற்கு, மூடுவதற்கு ஒப்பந்தப்புள்ளி கோரியிருப்பதாகவும், அந்த அறிவிப்பைப் பழைய தளத்திலேயே வெளியிட்டிருப்பதாகவும், பாதுகாப்பில்லாத தளம் என்பதால் அதை வாரியமே பார்ப்பதில்லை என்றும் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சலனம் இல்லை. அவர் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஓர் ஆணியில் பெரிய சாவி தொங்கியது. "தி.மண்டபம்" என்று அட்டை கட்டியிருந்தது.

அம்புரோஸ் இயக்குநரைப் பார்க்க வேண்டும் என்றார். இயக்குநர் லட்சுமணனின் அறையில் சுவர் முழுக்க ஒரே நிகழ்ச்சியின் புகைப்படங்கள். பூட்டுத் திறப்பு விழா. போன வருஷம் வாரியத்தின் தளத்துக்குப் பூட்டு வந்ததைக் கொண்டாட, கம்ப்யூட்டருக்கு மாலை போட்டு, நாதஸ்வரம் வைத்து, திண்டுக்கல்லிலிருந்து ஆளுயரப் பூட்டு ஒன்றை வரவழைத்துத் தாம்பாளத்தில் ஏந்தி ஊர்வலம் விட்டிருக்கிறார்கள். பூட்டை யாரும் தூக்க முடியாமல் கடைசியில் டிரை சைக்கிளில் வைத்துத் தள்ளியதும் ஒரு படத்தில் இருந்தது.

"ஒரு தகவலுக்கு அழகு உண்மையாக இருப்பதல்ல, அம்புரோஸ்" என்றார் இயக்குநர், எழுந்து நின்று, எதிரே நூறு பேர் உட்கார்ந்திருப்பது போலக் கையை நீட்டி. "உண்மை யாரிடமும் கிடைக்கும். டீக்கடையில் கிடைக்கும். பத்திரமாக வந்து சேர்ந்ததா என்பதுதான் கேள்வி. பத்திரமாக வந்த பொய்யை நான் மடியில் வைத்துத் தாலாட்டுவேன். பத்திரமில்லாமல் வந்த உண்மையை வாசலிலேயே நிறுத்துவேன். இதுதான் இந்த வாரியத்தின் கொள்கை."

அம்புரோஸ் காலடியில் தரையைப் பார்த்தார். "சார், ஒண்ணே ஒண்ணு. இப்ப நாம எங்க கீறோம்?"

"அலுவலகத்தில்."

"ஆபீசு எங்க கீது?"

"முதல் தளத்தில்."

"அதுக்குக் கீழ?"

இயக்குநர் ஜன்னல் வழியாகக் கூடக் கீழே பார்க்கவில்லை. "தரைத்தளம் பற்றி வாரியத்திடம் பாதுகாப்பான தகவல் எதுவும் இல்லை" என்றார்.

அப்புறம் அவருக்கு இரக்கம் வந்துவிட்டது. பூட்டிய தளத்தைத் திறந்து, அதில் இருக்கும் ஒரே மண்டபத்தைக் காட்டினார். வள்ளூர் சமூகக்கூடம். கண்ணாடிக் கதவு, சரவிளக்கு, வாசலில் நீரூற்று, பின்னால் பனிமலை. வள்ளூரில் அனல்மின் நிலையம் உண்டு, சாம்பல் லாரி உண்டு, புகைபோக்கி உண்டு. பனிமலையை அம்புரோஸ் பார்த்ததில்லை. பணிவாகத்தான் கேட்டார். பூட்டிய தளத்தில் போட்டிருந்தால் இருக்கும் என்று பதில் வந்தது.

"கோயில்ல ரெண்டு ஓலை வாசிச்சிட்டாங்க சார்" என்றார் அம்புரோஸ், கடைசி முயற்சியாக.

இயக்குநருக்கு ஓலை என்றால் என்னவென்று தெரியவில்லை. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை ஏதாவது தெரிந்தால் வந்து சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு பூசையில் எல்லார் முன்னாலும் சத்தம் போட்டு வாசிப்பது என்று அம்புரோஸ் விளக்கினார். இயக்குநர் முகம் வெளிறியது. பேரோடா என்றார். பேர், அப்பா பேர், ஊர், தெரு எல்லாம் சேர்த்துத்தான் என்றார் அம்புரோஸ்.

"நடுவில் எவனாவது கேட்டுவிட்டால்?"

"கேக்கத்தான் சார் வாசிக்கிறாங்க."

இயக்குநர் நாற்காலியில் சாய்ந்து தண்ணீர் கேட்டார். இப்படிப்பட்ட திறந்த வழியில் கல்யாணம் செய்துகொள்கிற குடும்பங்கள் இன்னும் சிதறாமல் இருப்பதே அதிசயம் என்று கூட வந்து நின்ற தேவப்பிரியத்திடம் சொன்னார். தேவப்பிரியமும் அதே கோயிலில்தான் ஓலை வாசித்துக் கல்யாணம் ஆனவர். அவர் தண்ணீர் கொண்டுவரப் போனார்.

எதற்கும் பார்த்துவிடுவோம் என்று அம்புரோஸ் வள்ளூருக்குப் போனார். பஸ்ஸை விட்டு இறங்கி, ஷேர் ஆட்டோ மாறி, தளத்தில் போட்டிருந்த இடத்தில் போய் நின்றால் பொட்டல். சீமைக் கருவேலம், நாலு எருமை, சாம்பல் லாரி போகும்போதெல்லாம் எழும்பி வந்து மூஞ்சியில் அப்புகிற தூசு. எருமைகளுக்கு நடுவில் ஒரு மனிதர் கையில் டேப்பை வைத்துக்கொண்டு காற்றை அளந்துகொண்டிருந்தார்.

வியாசர்பாடி பக்தவச்சலம் என்று தன்னைச் சொல்லிக்கொண்டார். மகன் அறிவுக்குக் கல்யாண வரவேற்பு, அதே திங்கட்கிழமை சாயங்காலம். பூட்டிய வழியில் பதிவு செய்து உறுதி வாங்கியவர். வாசலில் ஃப்ளெக்ஸ் வைக்க அளவெடுக்க வந்தால் வாசலைக் காணோம். சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் பனிமலைப் படத்தை அனுப்பியாயிற்று. அவருடைய மச்சான் ஸ்வெட்டர் வாங்கிவிட்டாராம்.

"உனுக்கு மண்டபம் கீது, ஆனா கெடைக்கல" என்றார் பக்தவச்சலம், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு. "எனுக்குக் கெடச்சிச்சு, ஆனா மண்டபம் இல்ல. இன்னா நைனா, ரெண்டு பேரையும் சேத்து ஒரு ஆளா பண்ணா சரியா பூடும் போலகீதே."

இரண்டு பேரும் அங்கேயே நின்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். பாதித் தண்ணீர் தூசியால் வந்தது.

மறுநாள் இரண்டு பேரும் சேர்ந்து வாரியத்துக்குப் போனார்கள். ஃப்ளோராவும் கூட வந்தாள். இந்த மனுஷனைத் தனியாக விட்டால் வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். அங்கே போனால் புது இடி. பூட்டுத் திறப்பு விழாவின் முதலாம் ஆண்டு விழா அதே திங்கட்கிழமை வருகிறது. வாரிய விழா வாரியக் கூடத்தில்தான் நடக்க வேண்டும், பதிவும் பூட்டிய தளத்தில்தான் செய்ய வேண்டும். தளத்தில் இருப்பதோ வள்ளூர் ஒன்றுதான். ஆகவே பக்தவச்சலத்தின் பதிவை ரத்து செய்து, வாரியமே வள்ளூரை எடுத்துக்கொண்டது. விழாவுக்காக ஊழியர்கள் அனைவரும் தீபாவளியிலிருந்து ஒரு நாள் மட்டும் நிகழ்காலத்துக்கு வந்துபோகச் சிறப்பு அனுமதியும் போட்டாயிற்று.

பக்தவச்சலத்துக்கு அடக்க முடியாத கோபம். இல்லாத மண்டபம்தான், ஆனாலும் அது அவருடைய மண்டபம், அதை எப்படிப் பிடுங்கலாம்? இருந்தாலும் மனசு கேட்காமல் நல்லதையும் சொன்னார். "சார், அங்க மண்டபமே இல்ல. வெறும் பொட்டலு. நானே கண்ணால பாத்தேன்."

தேவப்பிரியத்தின் மேசையருகே நின்றிருந்த இயக்குநர் அவரைக் கனிவாகப் பார்த்தார். "கண்ணால் பார்த்ததாகச் சொல்கிறீர்கள். கண்ணுக்கும் மூளைக்கும் நடுவில் எந்தப் பூட்டு இருக்கிறது? சொல்லுங்கள். நடுவில் என்னென்ன கலந்ததோ, யாருக்குத் தெரியும்? நான் இந்தப் பதவிக்கு வந்த நாளிலிருந்து எதையும் கண்ணால் பார்த்து முடிவு செய்ததில்லை. அதனால்தான் இன்றைக்கு இந்த நாற்காலியில் இருக்கிறேன்."

ஃப்ளோராவின் பார்வை வந்ததிலிருந்து தேவப்பிரியத்தின் நாற்காலிக்குப் பின்னால் இருந்த ஆணியிலேயே இருந்தது. காலையிலிருந்து சோறு தண்ணி இல்லாத எரிச்சலில் கேட்டுவிட்டாள். "ஏம்மா, இல்லாத மண்டபத்துக்குச் சாவி மட்டும் எப்டிம்மா கீது?"

தேவப்பிரியம் மெதுவாகத் திரும்பிச் சாவியைப் பார்த்தார், ஏதோ பாம்பு தொங்குகிற மாதிரி. அவர் ஆண்டவருக்கு அடுத்தபடியாகப் பயந்தது கணக்குத் தணிக்கைக்குத்தான். இல்லாத கூடத்தின் சாவி இருக்கிறது என்றால் அது யாருடையது, ஏன் வைத்திருக்கிறாய், எத்தனை காலமாக என்று கேள்வி வரும். ஓய்வூதியத்தில் கை வைப்பார்கள்.

இயக்குநர் அங்கேயே ஆணை சொன்னார், தேவப்பிரியம் எழுதினார். பாதுகாப்பான தளத்தில் ஆதாரம் இல்லாத இரும்புப் பொருள் ஒன்று அலுவலகச் சுவரில் காணப்பட்டது என்றும், அதைக் கழிவாகக் கருதி உடனே அகற்றலாம் என்றும் ஆணை. தேவப்பிரியம் சாவியை ஆணியிலிருந்து கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டார். வாழைப்பழத் தோலுக்கு மேலே அது விழுந்தது.

"கூடை ரொம்பிடுச்சிம்மா, நான் போற வழியில கொட்டிடறேன்" என்று ஃப்ளோரா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு படி இறங்கினாள். தேவப்பிரியம் நன்றி சொன்னார்.

தெருவுக்கு வந்து, சாவியைக் குழாயில் கழுவி, முந்தானையில் துடைத்து ஃப்ளோரா அம்புரோசிடம் கொடுத்தாள். பக்தவச்சலம் கொஞ்சம் தள்ளி, பஸ்ஸுக்குப் போகிறவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார். அவருக்கு இருந்த இல்லாத மண்டபமும் போய்விட்டதே. அம்புரோஸ் அவரைக் கூப்பிட்டார். "மத்தியானம் எங்க பந்தி முடிஞ்சிரும் மாமு. சாயங்காலம் உன்னுது. மேடப் பூவு அப்டியே இருக்கட்டும், பேர மட்டும் மாத்திக்கலாம்."

பக்தவச்சலம் அம்புரோசைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு மூன்றாவது ஓலை வாசித்தார்கள். எல்லாரும் கேட்டார்கள். யாரும் தடை சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலையில் வாரியம் மொத்தமும் இரண்டு வேன், ஒரு கார், ஆளுயரப் பூட்டோடு ஒரு டெம்போ என்று வள்ளூருக்குக் கிளம்பியது. கடைசி வேன் முனை திரும்பியதும் அம்புரோஸ் மண்டபத்தின் பூட்டைத் திறந்தார். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் கல்யாணம். ராயபுரத்தில் பூசை முடிந்து பொண்ணும் மாப்பிள்ளையும் வந்து இறங்கியதும் பேண்டு அடித்த அடியில் மாடியில் வாரியத்தின் காலண்டர் ஆணியை விட்டுக் கீழே விழுந்ததாகப் பிற்பாடு தெரிந்தது. ஆன்சி வெள்ளைச் சேலையில் வந்தாள். ஜெரி கப்பலில் கற்ற நடனத்தை ஆடிக் காட்டினான், கப்பல் ஆடும்போது ஆட வேண்டிய நடனம் அது, தரையில் பார்க்க வேறு மாதிரி இருந்தது. பக்தவச்சலத்தின் மச்சான் காலையிலேயே வந்துவிட்டார். ஸ்வெட்டரைக் கழற்றாமல் பந்தியில் பிரியாணி பரிமாறினார்.

கடைசிப் பந்தி நடக்கும்போது வேன்கள் திரும்பி வந்தன. இறங்கியவர்களை முதலில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. தலை, புருவம், மீசை, சட்டை எல்லாம் ஒரே சாம்பல் நிறம். பொட்டலில் பந்தல் போட்டு, இயக்குநர் முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறார். லாரிகள் வரிசையாகப் போயிருக்கின்றன. பந்தல் எருமைகள் மேல் விழுந்து, எருமைகள் அதோடு ஓடிவிட்டன. சமையல்காரர் மண்டபத்தைத் தேடி இன்னும் மீஞ்சூர் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தார்.

இயக்குநர் கூடத்து வாசலில் நின்று, மேடையையும் பந்தியையும் பார்த்தார். யார் அனுமதியில் இங்கே விசேஷம் என்று கேட்டார்.

அம்புரோஸ் கோட்டைச் சரி செய்துகொண்டு கிட்டே வந்தார். "எங்க சார்?" என்றார்.

இயக்குநர் தேவப்பிரியத்தைப் பார்த்தார். தேவப்பிரியம் ஃபோனில் பூட்டிய தளத்தைத் திறந்து பார்த்துவிட்டு, இப்படி ஒரு கூடம் வாரியத்துக்கு இல்லை என்று தாழ்ந்த குரலில் உறுதி செய்தார். அப்படியானால் விதிமீறலும் இல்லை. இயக்குநர் நிம்மதியாக மூச்சு விட்டார். பிரியாணி வாசனை வேறு, காலையிலிருந்து பச்சைத் தண்ணி பல்லில் படவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, பூட்டு வாரியத்தின் மொத்தப் பரிவாரமும், இல்லாத மண்டபத்துப் பந்தியில் இருக்கிற இலைக்கு முன்னால் உட்கார்ந்தது.

இலையில் பிரியாணி விழுந்ததும் இயக்குநருக்குப் பேச்சு வந்தது. விழா மிகச் சிறப்பு என்றார். படம் உடனே தளத்தில் ஏற்றியாயிற்று என்று பக்கத்தில் பரிமாறிக்கொண்டிருந்த ஃப்ளோராவிடம் ஃபோனை நீட்டிக் காட்டினார். படத்தில் அவர் கையை நீட்டிப் பேசிக்கொண்டிருந்தார், சுற்றிலும் வெளிறிய தூள் பறந்தது. கீழே, "வள்ளூர் கூடத்தில் பனிப்பொழிவுக்கிடையே ஆண்டு விழா" என்று எழுதியிருந்தது.

"பார்த்தீர்களா, பனி" என்றார். "நான்தான் சொன்னேனே."

ஃப்ளோரா படத்தைப் பார்த்தாள். பிறகு அவர் நெற்றியையும், அடுத்த இலையில் தலை குனிந்திருந்த தேவப்பிரியத்தின் நெற்றியையும் பார்த்தாள். கரண்டியை வைத்துவிட்டு ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"மொதல்ல மூஞ்சி கழுவிகினு வாங்க சார்" என்றாள். "சாம்பல் புதனுக்கு இன்னும் ரெண்டு நாள் கீது."